வாசற்படிக்குக் கீழே

ராயபுரம்

வெயில் ஏறுவதற்கு முன்னால் ராயபுரம் நிலையத்துக்குப் போய்விட வேண்டும். அப்போதுதான் முகப்பின் உயர்ந்த தூண்களை நின்று நிதானமாகப் பார்க்க முடியும். பிறகு துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையை எடுத்துக்கொள்ளும். 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த நிலையம் இது. ஜூலை 1 முதல் இங்கிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். பம்பாயிலும் தானேயிலும் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே ரயில் வந்துவிட்டது. ஆனால் அங்கே முதலில் எழுப்பிய கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரம் நிற்கிறது.

தூண்களைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். என் நினைப்பெல்லாம் அந்த முதல் ரயிலின் பெட்டிகளில் இருந்தது. அவற்றைக் கட்டிக் கொடுத்தது மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனி. 1840இல் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு அன்று குதிரை வண்டி கட்டுவதுதான் தொழில். நல்ல தச்சர்கள், நல்ல மரம், நல்ல வார்னிஷ். ஆனால் குதிரை வண்டிக்கு வராத ஒரு கஷ்டம் ரயில் பெட்டிக்கு உண்டு. வண்டியைக் குதிரை முன்னால் இழுக்கிறது, அவ்வளவுதான். ரயில் பெட்டியை முன்னால் இருப்பது இழுக்கும், பிரேக் போட்டால் பின்னால் இருப்பது முட்டித் தள்ளும். அந்த இழுப்பும் முட்டும் பெட்டியின் இரண்டு முனைகளில்தான் விழுகின்றன. ஆகவே ரயில் பெட்டியின் சரித்திரம் என்பது பெரும்பாலும் அதன் முனைகளின் சரித்திரம். இந்தப் பயணம் முழுக்க நான் பார்த்துக்கொண்டு போனது அதைத்தான்.

ராயபுரத்தில் முதல் ரயில் ஓடிய அதே காலத்தில் அமெரிக்கப் பெட்டிகளின் முனையில் திறந்த மேடை ஒன்று இருந்தது. அதில் ஏறித்தான் உள்ளே போவார்கள். காற்று வாங்க அங்கேயே நிற்பார்கள். அந்த மேடையைத் தாங்கிய கட்டைகள் பெட்டியின் அடிச்சட்டத்தோடு ஒரே மட்டத்தில் இல்லாமல், அதற்குக் கீழே தாழ்வாகத் தொங்கின. மோதல் நடந்தால் அவை முறிந்து மடங்கும், ஒரு பெட்டியின் தளம் அடுத்த பெட்டிக்குள் செருகிக்கொண்டு போகும். உட்கார்ந்திருந்தவர்கள் அப்படியே நசுங்கினார்கள். 1860களில் எஸ்ரா மில்லர் என்பவர் அந்தத் தாங்கு கட்டைகளை உயர்த்தி, பெட்டியின் அடிச்சட்டத்துக்கு நேர்க்கோட்டில் கொண்டுவந்தார். முனையில் ஸ்பிரிங் வைத்த பஃபரும், தானே மாட்டிக்கொள்ளும் கொக்கியும் சேர்த்தார். கட்டையைச் சில அங்குலம் உயர்த்தியதில் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். நம் ஊருக்கு வந்தது இங்கிலாந்து முறை. முனையில் மேடை கிடையாது. ஒவ்வொரு அறைக்கும் பக்கவாட்டில் தனிக் கதவு, வெளியே நீளவாக்கில் கால் வைக்கும் பலகை. ஆனாலும் மரக்கூடு மரக்கூடுதான். பெட்டிக்குள் பெட்டி செருகும் ஆபத்து இங்கும் நூறு ஆண்டுகள் நீடித்தது.

காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்து கூடைகள் வரத் தொடங்கியிருந்தன. நிலையத்துக்கு எதிரே ஒரு கையேந்தி பவனில் இட்லியும் முதல் நாள் மீன் குழம்பும் கொடுத்தார்கள். எங்கள் மாயவரத்தில் மீன் குழம்பு மத்தியானச் சாப்பாட்டுக்கு உரியது, காலையில் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே காலை ஏழு மணிக்கு அதுதான் முதலில் தீர்கிறது. பழைய குழம்பின் புளிப்பு இட்லியில் ஊறி நிற்பதைச் சாப்பிட்ட பிறகு, எங்கள் ஊர்ச் சட்டத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

கும்மிடிப்பூண்டி வண்டியில் வெண்டர் பெட்டிக்குள் கூடைகளோடு ஏறிய அம்மாக்களின் பின்னால் நானும் ஏறினேன். கதவோரம் நின்றேன். நெத்திலிக் கூடைக்குப் பக்கத்தில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பெரியம்மா என் பேன்ட்டைப் பிடித்து இழுத்தார்.

“படிய வுட்டுட்டு உள்ள வா கண்ணு. அங்க ஆட்டம் ஜாஸ்தி.”

கூடையிலிருந்து வடிந்த தண்ணீர் பெட்டியின் தரையில் ஓடி, கதவின் விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. கதவோரம் ஏன் ஆட்டம் அதிகம் என்ற கேள்விக்கு நான் இறங்கிய கொருக்குப்பேட்டையிலேயே பதில் கிடைத்தது.

கொருக்குப்பேட்டை

சென்ட்ரலிலிருந்து வரும் பாதையும் பீச்சிலிருந்து ராயபுரம் வழியாக வரும் பாதையும் கொருக்குப்பேட்டையில் சேர்ந்து வடக்கே போகின்றன. ஹவுரா, பாட்னா, டெல்லி என்று வடக்கே போகும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வழிதான். லைனுக்கு இணையான ஒரு சந்தில், நண்பர் ஒருவர் சொல்லிவைத்த பெரியவரின் வீடு. கேரேஜில் முப்பது வருஷத்துக்கு மேல் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரம்பூர்ப் பக்கம் கேரேஜ் என்றால் ஓட்டத்தில் உள்ள பெட்டிகளைக் கொண்டுவந்து பழுது பார்க்கும் பழைய பணிமனை. புதுப் பெட்டி கட்டுவது ஐசிஎஃப், அதாவது இன்டக்ரல் கோச் ஃபேக்டரி. என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதில் அவருக்கு வருத்தம் உண்டு.

“தம்பி, எல்லாரும் கதவாண்ட நிக்கறாங்க. காலுக்குக் கீழ இன்னா கீதுன்னு எவனும் குனிஞ்சு பாக்கமாட்டான்” என்றார். பேத்தியின் சாக்பீஸை வாங்கி, சிமென்ட் தரையிலேயே பெட்டியின் அடிச்சட்டத்தை வரைந்தார்.

நீளவாக்கில் இரண்டு கோடு. அவை சோல் பார், பெட்டியின் இரண்டு பக்கமும் ஓடும் எஃகு உத்தரங்கள். முனையில் குறுக்கே ஒரு தடித்த கோடு. அது ஹெட்ஸ்டாக். இரண்டு பஃபரும் நடுவில் கப்ளிங் கொக்கியும் அதில்தான் பொருத்தியிருக்கும். சற்று உள்ளே தள்ளி இன்னொரு குறுக்குக் கோடு, போல்ஸ்டர். சக்கரங்கள் உள்ள போகியின் மேல் பெட்டியின் எடை இறங்கும் இடம் அது. ஹெட்ஸ்டாக்குக்கும் போல்ஸ்டருக்கும் நடுவே அவர் சாக்பீஸை அழுத்தித் தேய்த்தார். “இந்தப் பக்கம் பூரா அந்தரம்.”

கணக்கு அதை அப்படியே சொல்கிறது. பழைய ஐசிஎஃப் பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர். இரண்டு போகிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் 14.8 மீட்டர். மிச்சம் இருக்கும் ஆறரை மீட்டரை இரண்டாகப் பிரித்தால், ஒவ்வொரு முனையிலும் சுமார் 3.3 மீட்டர் போல்ஸ்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கழிப்பறை, கை கழுவும் தொட்டி, ஏறி இறங்கும் கதவுகள், அடுத்த பெட்டிக்குப் போகும் வழி எல்லாம் அந்த 3.3 மீட்டருக்குள் அடக்கம். மாடி வீட்டின் பால்கனிபோல அது ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மீன்காரப் பெரியம்மா சொன்ன ஆட்டம் இப்படிப் பிறப்பதுதான்.

இன்னொரு விஷயத்தையும் பெரியவர் விளக்கினார். ஐசிஎஃப் பெட்டியில் அடிச்சட்டம் மட்டும் எடையைச் சுமப்பதில்லை. சுவர், கூரை, தரை எல்லாம் ஒன்றாக வெல்ட் ஆகி ஒரே குழாய்போலச் சேர்ந்து சுமக்கின்றன. அதனால்தான் தொழிற்சாலையின் பெயரிலேயே ‘இன்டக்ரல்’ இருக்கிறது. தரைக்கு அடியில் உள்ள தகடுகூட நெளிநெளியாக மடித்தது. டிரஃப் ஃப்ளோர் என்பார்கள். முனையில் விழும் முட்டுதலை நீளவாக்கில் வாங்கிக்கொண்டு போவது அதன் வேலை. ஆனால் கதவு இருக்கும் இடத்தில் சுவரை வெட்டித் திறந்துவிட்டோம். அங்கே சுவர் சுமக்க முடியாத பாரம் கீழே சோல் பாரிலும் ஹெட்ஸ்டாக்கிலும் இறங்குகிறது. பஃபர்கள் இரண்டிலும் சேர்த்து 200 டன் அமுக்கம் வந்தாலும் வளையாமல் தாங்கும்படி பெட்டியை வடிவமைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் முதலில் நசுங்க வேண்டியது முனை. நடுவில் உட்கார்ந்திருப்பவர்களின் பகுதி நசுங்காமல் இருப்பதற்காக முனை தன்னைக் கொடுக்கிறது.

இந்த வடிவம் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. சூரிச் அருகே ஷ்லீரன் என்ற ஊரின் பெட்டி கட்டும் நிறுவனத்தோடு 1949இல் ஒப்பந்தம் போட்டார்கள். 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் நேரு தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். மரப்பெட்டிக் காலம் முடிய அது வழி செய்தது. சுதந்திரம் வாங்கிய கையோடு, சாதாரண மூன்றாம் வகுப்புப் பயணிக்கும் நசுங்காத எஃகுக் கூடு வேண்டும் என்று முடிவெடுத்தவர்களை நான் மனதார வணங்குகிறேன்.

“டிசைன் சரிதான். துரு சும்மா வுடுமா?” என்றார் பெரியவர். அவருடைய முப்பது வருஷமும் அந்தத் துருவோடுதான் போயிருக்கிறது. ஒன்றரை ஆண்டுக்கு ஒரு முறை ஓவர்ஹாலுக்கு வரும் பெட்டியைத் தூக்கி, போகியைக் கழற்றி, அடியில் சுத்தியால் தட்டிக்கொண்டே போவார்களாம். நல்ல எஃகு மணிபோலச் சொல்லும். அரித்த எஃகு சொத்தென்று சொல்லும். கழிப்பறைக்கு நேர் கீழேதான் அதிகம் அரித்திருக்கும். சோல் பார், டிரஃப் ஃப்ளோர், ஹெட்ஸ்டாக்கின் ஓரம் எல்லாம் தகடு தகடாக உதிரும். அதை வெட்டி எடுத்துப் புதுத் துண்டை வைத்து வெல்ட் செய்ய வேண்டும். மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேலே நெருப்புப் பொறி கொட்டக் கொட்டச் செய்கிற வேலை. இத்தனை பேர் ஏறி நிற்கும் வாசலை அவருடைய கை தாங்கியிருக்கிறது. அவருடைய முன்கையில் சிறுசிறு வெள்ளைத் தழும்புகள் ஏராளம்.

அவர் மனைவி வாழையிலையில் சோறும் சுறாப்புட்டும் ரசமும் வைத்தார். “அவரு இப்பவும் ரயில்ல ஏறினா கதவாண்ட நிக்கமாட்டாரு. மத்தவங்களையும் உள்ள போகச் சொல்லி சண்டைக்குப் போவாரு” என்றார் அந்த அம்மா.

தண்டையார்பேட்டை

வண்டி தண்டையார்பேட்டையை மெதுவாகக் கடந்தது. எண்ணெய்க் கிடங்குகளின் பக்கம் டேங்கர் வேகன்கள் வரிசையாக நின்றன. வேகன்களுக்குப் பக்கவாட்டுப் பஃபர் கிடையாது, நடுவில் கை கோத்ததுபோல ஒரே ஒரு கப்ளர். சின்ன வயதில் மாயவரம் ஜங்ஷனில் பார்த்த மீட்டர் கேஜ் பெட்டிகளுக்கும் நடுவில் ஒன்றுதான்.

இந்தப் பக்கவாட்டுப் பஃபர் வைத்த பெட்டிகளுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. தண்டவாளத்திலிருந்து பஃபரின் நடுப்புள்ளி 1105 மில்லிமீட்டருக்கு மேலே போகக் கூடாது, 1030க்குக் கீழே இறங்கக் கூடாது. சக்கரம் தேயத் தேயப் பெட்டி தாழும். பேசின் பிரிட்ஜ் போன்ற பராமரிப்பு இடங்களில் பள்ளத்தில் இறங்கி நின்று அளவு எடுத்து, ஸ்பிரிங்குக்கு அடியில் பேக்கிங் வைத்து உயர்த்திக் கொடுப்பார்கள். ஒரு பெட்டி தாழ்ந்து அடுத்தது உயர்ந்திருந்தால், மோதும்போது பஃபர் பஃபரின் மேல் வழுக்கி ஏறும். ஹெட்ஸ்டாக் அடுத்த பெட்டியின் சுவரைப் பிளந்துகொண்டு உள்ளே போகும். எஸ்ரா மில்லர் அமெரிக்காவில் போராடிய அதே ஆபத்து இது.

திருவொற்றியூர்

திருவொற்றியூரில் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை ஆகையால் கூட்டம். ஆலை யூனிஃபார்மோடு வந்து கும்பிட்டுவிட்டு ஷிஃப்டுக்கு ஓடுகிற ஆண்களையும் பெண்களையும் எங்கள் பக்கத்துக் கோயில்களில் பார்க்க முடியாது. காவிரிக் கரைக் கோயில்கள் மத்தியானத்தில் தூங்கும். இந்த ஊர் மூன்று ஷிஃப்டுக்கும் விழித்திருக்கிறது. 1955இலிருந்து புல்லட் வண்டி செய்த தொழிற்சாலை இங்கேதான். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரைச் சுமக்கும் விம்கோ நகர் பக்கத்திலேயே இருக்கிறது. 2021இலிருந்து மெட்ரோ ரயிலும் அதுவரை ஓடுகிறது.

பட்டினத்தார் சமாதிக்குப் போகும் வழியில் கடல் வந்துவிடுகிறது. மணலுக்குப் பதில் கொட்டிய கருங்கற்கள். காற்றில் உப்பு அவ்வளவு கனமாக இருக்கிறது, உதட்டை நக்கினால் தெரிகிறது. வீட்டு ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மின்கம்பத்தின் போல்ட் எல்லாவற்றிலும் துரு. எங்கள் ஊரில் ஒரு இரும்புக் கேட் என் தாத்தா காலத்திலிருந்து நிற்கிறது. இங்கே டீக்கடைக்காரர் தன் கடையின் தகரத்தை அடிக்கடி மாற்றுவதாகச் சொன்னார். இந்தக் காற்றில்தான் பெட்டிகள் நாள் முழுக்க ஓடுகின்றன. கேரேஜ் வெல்டர் ஏன் துருவைப் பகைவன்போலப் பேசினார் என்பது இங்கே நின்றால் புரிகிறது.

எண்ணூர்

கத்திவாக்கம் தாண்டி எண்ணூரில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு பக்கம் அசோக் லேலண்ட். இன்னொரு பக்கம், 1970இல் தொடங்கி 2017இல் நிறுத்திய அனல்மின் நிலையத்தின் இடம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து இந்த ஆற்றைக் கறுப்பாக்கியது. ஆற்றங்கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்த அண்ணன், அந்த மாதம் படகில் ஒட்டிய கறையை இன்னும் சுரண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவர் வாங்கித்தந்த நண்டு வறுவலை ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பக்கத்தில் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர். துறைமுகப் பக்கம் கட்டுமான வேலை. நான்கு ஆண்டில் கற்ற தமிழ் அவருக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. ஊரிலிருந்து எப்படி வந்தீர்கள் என்றேன்.

“ஜெனரல் அண்ணா. பாத்ரூம் பக்கத்துல. உட்கார எடம் இல்ல. ராத்திரி நின்னு, காலைல கொஞ்சம் கீழ உட்காந்து.”

அந்த 3.3 மீட்டர் எனக்கு ஞாபகம் வந்தது. மோதல் நடந்தால் மற்றவர்களுக்காக முதலில் நசுங்கட்டும் என்று வடிவமைப்பாளர் விட்ட இடம் அது. அங்கே யாரும் வசிக்கப்போவதில்லை, ஏறி இறங்கும்போது கடந்து போவார்கள், அவ்வளவுதான் என்பது கணக்கு. அந்த இடத்தில் மூட்டையோடு முப்பது பேர் இரவு முழுக்க நிற்கிறார்கள்.

2023 ஜூன் 2 மாலை சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் அருகே பகனாகா பஜாரில் லூப் லைனில் நின்ற சரக்கு ரயிலின் மேல் மோதியது. புரண்ட பெட்டிகள் எதிர்த் திசையில் கடந்துகொண்டிருந்த இன்னொரு வண்டியின் கடைசிப் பெட்டிகளில் மோதின. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்பதிவில்லாப் பெட்டியில் வந்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாததால் அடையாளம் காணவே மாதங்கள் ஆயின. யாரும் வந்து கேட்காத 28 உடல்களை அக்டோபரில் புவனேசுவரத்தில் தகனம் செய்தார்கள். அந்த இளைஞரின் ஊர் அங்கிருந்து அதிக தூரமில்லை. அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார், பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் என்று.

கோரமண்டலின் பெட்டிகள் எல்எச்பி. ஜெர்மன் வடிவம். ஐசிஎஃப்பும் 2018 ஜனவரியில் பழைய பெட்டிகளைக் கட்டுவதை நிறுத்திவிட்டு முழுக்க இதற்கு மாறியது. பக்கவாட்டுப் பஃபர் போய், ஒரு பெட்டி அடுத்ததன் மேல் ஏறவிடாமல் இறுக்கிக் கோக்கும் நடுக் கப்ளர் வந்தது. அது செய்கிற நன்மையை எண்ணூருக்கு வடக்கே இதே பாதையில் உள்ள கவரைப்பேட்டை பார்த்தது. 2024 அக்டோபர் 11 இரவு மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் தடம்புரண்டன. பலர் காயமடைந்தார்கள், ஒரு உயிரும் போகவில்லை. “கூடு நின்னுச்சு தம்பி, அதான்” என்று கொருக்குப்பேட்டைப் பெரியவர் இதைப் பற்றிச் சொல்லியிருந்தார். பகனாகா பஜாரின் வேகத்துக்கும் இரண்டாவது மோதலுக்கும் முன்னால் எந்தக் கூடும் முழுசாக நிற்காது. அங்கே தவறியது சிக்னல் வேலை. ஆனால் நசுங்குவதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மனிதர்களை நிறுத்திவைப்பது சிக்னலின் குற்றம் அல்ல. பெட்டிகள் போதாததன் குற்றம்.

ஐசிஎஃப் கட்டும் வந்தே பாரத்தில் கதவு தானே மூடிக்கொள்ளும், வாசலில் யாரும் நிற்க முடியாது. அதில் ஏறக் கட்டணம் கொடுக்கக்கூடியவர்களுக்கு அது நல்லது. 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய அம்ரித் பாரத் ரயிலும் பெரம்பூர்ப் பெட்டிகள்தான். ஏசி இல்லாத, படுக்கையும் பொது வகுப்பும் மட்டும் உள்ள வண்டி. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே குலுங்காத கப்ளரும் மூடிய வழியும் அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதில்தான் அதிக மகிழ்ச்சி. 2024இல் ரயில்வே ஏசி இல்லாத பெட்டிகள் சுமார் 10,000 கட்டுவதாக அறிவித்தது. அவை ஒவ்வொன்றும் வடக்கிலிருந்து எண்ணூர் வழியாக வரும் வண்டிகளில் சேர வேண்டும்.

ஒடிசா இளைஞர் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறார். கதவுப் பக்கம் நிற்காமல் பெட்டியின் நடுவில் இடம் பிடியுங்கள், போல்ஸ்டருக்கு உள்பக்கம் என்று சாக்பீஸ் இல்லாமல் விரலால் பெஞ்சில் வரைந்து காட்டினேன். அவர் கவனமாகப் பார்த்தார். நடுவில் இடம் பிடிக்க சென்ட்ரலில் மதியமே போய் வரிசையில் நிற்க வேண்டும், அன்றைய கூலி போய்விடும் என்றார். எவ்வளவு கூலி என்று கேட்டேன். தொள்ளாயிரம் ரூபாய்.